வைக்க இடமில்லை

"என் பிள்ளைங்க எதையுமே வேண்டாம்னு சொல்றாங்க, சாமி."

வைத்தியலிங்கம் இதைச் சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாமி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எதைன்னு சொல்லுங்க."

"எல்லாத்தையும்தான். வீட்டை வித்தாச்சு. ஆடி முடிஞ்சதும் சாவியைக் கொடுக்கணும். நான் போற முதியோர் குடியிருப்புல எனக்கு ஒரே ஒரு ரூம். கட்டில் போட்டா நடக்க இடம் இருக்காது. இங்கே கிடக்கறது நாப்பது வருஷத்துச் சாமான். எங்கே கொண்டு போவேன்?"

"பிள்ளைங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். மக சிரிக்கிறா. மகன் கோவிச்சுக்கறான்."

மாயவரத்துக்கு வெளியே, வாய்க்கால் கரையில் ஓர் ஓட்டு வீடு. அதைத்தான் மடம் என்றார்கள். சாமிக்கு ஐம்பது வயது இருக்கும். வைத்தியலிங்கத்துக்கு அறுபத்தொன்பது. தம்பி வயதுக்காரரைக் குருவாக வைத்துக்கொண்டதில் ஆரம்பத்தில் அவருக்குக் கூச்சம் இருந்தது. ஆறு வருடம் வியாழக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்ததில் அது போய்விட்டது.

பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் எழுதி வைத்துக்கொள்கிறவர். சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். படித்தார்.

"கேரம் போர்டு ஒண்ணு. மகன் ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்ச கோப்பை ஏழு. சின்ன சைக்கிள் ஒண்ணு. மகளோட சலங்கை ஒரு ஜோடி. வெண்கலப் பானை மூணு. ஸ்கூல் நோட்டு ரெண்டு பெட்டி..."

பதினோரு பக்கம் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"நான் எல்லாத்தையும் விட்டுட்டேன், சாமி. எனக்கு ஒரு பற்றும் இல்ல. வாங்கிக்க ஆள் இல்லையேன்னுதான் வருத்தம்."

சாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"மகன் வீட்டுல எத்தனை ரூம்?"

"மூணு. புனேல. நல்ல பெரிய வீடு."

"எப்பப் பார்த்தீங்க?"

"கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். எட்டு வருஷம் ஆச்சு."

"காலையில என்ன சாப்பிடுவார்?"

"இட்லின்னா உயிர் அவனுக்கு. மிளகாய்ப் பொடியில நல்லெண்ணெய் மிதக்கணும்."

"அது சின்ன வயசுல. இப்ப?"

வைத்தியலிங்கம் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"எத்தனை மணிக்குத் தூங்குவார்?"

வைத்தியலிங்கம் நோட்டின் பக்கங்களைப் புரட்டினார்.

"மனசு சரியில்லன்னா யார்கிட்ட பேசுவார்?"

வாய்க்காலில் ஒரு வாத்துக் கூட்டம் போனது. கடைசி வாத்து போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாமி கையை நீட்டி அந்த நோட்டை வாங்கிக்கொண்டார்.

"இது இங்க இருக்கட்டும்."

"ஐயோ, ஒரு மாசமா உட்கார்ந்து எழுதினது, சாமி."

"இது இல்லாம ஒரு தடவை மகன்கிட்ட பேசிட்டு வாங்க, ஐயா."

*

மனைவி சௌந்தரம் இறந்து இருபது மாதம் ஆகியிருந்தது.

அவள் இருந்தவரை பிள்ளைகளோடு பேசுவது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைக் காதில் வைத்தால் அடுப்படிக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே பேசுவாள். ஒரு மணி நேரம் பேசுவாள். கடைசியில் அவரிடம் நீட்டுவாள்.

"நல்லா இருக்கியா?" என்பார் அவர்.

"இருக்கேன்ப்பா. நீங்க?"

"எனக்கென்ன. சரி, இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்."

இருபது வருடமாக இவ்வளவுதான்.

அவள் போன பிறகு போன் அவரிடம் வந்தது. கொடுக்க ஆள் இல்லை. பேசவும் ஒன்றும் இல்லை. வீட்டை விற்பது என்று முடிவானபோதுதான் பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைத்தது. சாமான்கள். ஒவ்வொரு ஞாயிறும் மகன் கபிலனுக்குப் போன் செய்து நோட்டைப் பார்த்துப் படித்தார். "கேரம் போர்டை அனுப்பட்டுமா? கோப்பையை அனுப்பட்டுமா?"

போன ஞாயிறு கபிலன் கத்திவிட்டான். "எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா. எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க."

தூக்கிப் போடு என்ற சொல் அவர் காதில் நான்கு நாள் நின்றது.

இந்த ஞாயிறு நோட்டு இல்லாமல் போன் செய்தார்.

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன்ப்பா."

"ம்."

"நீங்க?"

"நல்லா இருக்கேன்."

மறுமுனையில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"சரி, வச்சிடறேன்" என்றார்.

வைத்த பிறகு போனைப் பார்த்தார். நாற்பத்தொரு விநாடி பேசியிருந்தார்கள்.

*

"எனக்குப் பேசத் தெரியலை, சாமி."

சாமி ஒரு கட்டு முருங்கைக்கீரையை அவர் முன்னால் வைத்தார். இருவரும் உருவ ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து சாமி சொன்னார்:

"எனக்கு இந்தத் தோள் நாலு நாளா வலிக்குது."

"தைலம் தடவினீங்களா? சூடு பண்ணித் தடவணும். எங்க தெருவுல ஒரு டாக்டர் இருக்கார், நான் கூட்டிட்டுப் போறேன். எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடறது நல்லது. பச்சைத் தண்ணியில குளிக்காதீங்க. எனக்கும் முட்டி இப்படித்தான் ஆரம்பிச்சுது, அப்புறம்..."

சாமி கீரையை உருவிக்கொண்டே இருந்தார். வைத்தியலிங்கத்துக்குப் பேச்சு தானாகவே நின்றது.

"என்ன சாமி?"

"நான் இன்னும் சொல்லி முடிக்கல, ஐயா."

அவருக்குக் காது சிவந்தது. குனிந்துகொண்டார்.

ஒரு கட்டு முடிந்தது. சாமி அடுத்த கட்டைப் பிரித்தார். மூன்று முறை வைத்தியலிங்கம் எதையோ சொல்ல வாயெடுத்தார். மூன்று முறையும் ஒரு காம்பை எடுத்து உருவினார்.

"எங்க அண்ணன் போயிட்டார்" என்றார் சாமி. "ஞாயித்துக்கிழமை. என்னைவிட ஒரு சாண் உயரம் ஜாஸ்தி. பாடையைத் தூக்கினப்ப பாரமெல்லாம் இந்தத் தோள்லயே வந்துச்சு."

வைத்தியலிங்கம் கையிலிருந்த காம்பைக் கீழே வைத்தார்.

"பதினெட்டு வருஷமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல."

கீரை தீர்ந்தது. வைத்தியலிங்கம் காம்புகளைப் பொறுக்கிக்கொண்டுபோய் வெளியே போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர் வெள்ளிக்கிழமையில் போன் செய்ததே இல்லை.

"என்னப்பா? உடம்புக்கு ஏதாவதா?" கபிலன் பயந்துபோய்க் கேட்டான்.

"இல்ல. சும்மாதான்."

"சும்மாவா?"

பின்னால் ஏதோ சீறியது. அவன் 'ச்சே' என்றான்.

"என்ன சத்தம்?"

"பால் பொங்கிடுச்சு."

"நீயா காய்ச்சறே?"

"ம்."

மருமகள் பவித்ரா எங்கே என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அடுப்பைச் சின்னதாக வை, அகலப் பாத்திரத்தில் காய்ச்சு என்று சொல்லவும் வந்தது. எதையும் சொல்லவில்லை. சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். காலண்டரைக் கழற்றிய இடத்தில் சுவர் வெள்ளையாக இருந்தது. அதையே பார்த்தார்.

அங்கே ஒரு பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. குழாய் மூடும் சத்தம் கேட்டது.

"அப்பா."

"சொல்லு."

"நான் வேண்டாம்னு சொன்னது... வைக்க இடமில்லப்பா. அதுக்காகத்தான்."

அவர் காத்திருந்தார்.

"நான் அந்த வீட்டுல இல்ல. ஒத்த ரூம்ல இருக்கேன். பதினோரு மாசம் ஆச்சு."

"ம்."

"பவித்ராவும் நானும் பிரிஞ்சுட்டோம்."

வைத்தியலிங்கம் சுவரிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியை எட்டி இழுத்து உட்கார்ந்தார். கபிலனுக்கு நாற்பத்திரண்டு வயது. அவன் அழுது அவர் கேட்டது கடைசியாகப் பத்தாம் வகுப்பில்.

இப்போது கேட்டார். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

அவன் அழுது முடித்து மூக்கை உறிஞ்சினான். "அம்மாவுக்குத் தெரியும்" என்றான்.

"அம்மாவுக்கா?"

"ரெண்டு வருஷம் எங்க ரெண்டு பேரையும் பேசிப் பேசியே ஒட்ட வச்சிருந்தாங்க. அவங்க போனப்புறம்..." அவன் முடிக்கவில்லை. "அப்புறம் பேச ஆள் இல்லப்பா."

*

வைத்தியலிங்கம் மகளுக்குச் சொல்லவில்லை. சாமியிடமும் போகவில்லை. முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு சென்னைக்குப் போய், அங்கிருந்து புனே ரயில் ஏறினார்.

மூன்றாவது மாடி. லிப்ட் இல்லை. ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினார். கபிலன் பின்னால் வந்தான், கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல்.

ஒரு கட்டில். ஒரு மின்சார அடுப்பு. இரண்டு தட்டு, ஒரே ஒரு டம்ளர். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல். காலையில் அவன் பிரட்டை நின்றுகொண்டே தின்றான். இரண்டு மணிக்கு மேல்தான் தூங்கினான். இதையெல்லாம் வைத்தியலிங்கம் முதல் இரண்டு நாளில் தெரிந்துகொண்டார். எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் சந்தைக்குப் போய் இன்னொரு டம்ளர் வாங்கி வந்தார்.

பேச்சு அதிகம் இல்லை. சில நாள் அவன் பேசுவான். பவித்ரா கோபத்தில் பேச மாட்டாளாம், இவன் கோபத்தில் கத்துவானாம். குழந்தைக்காக மூன்று வருடம் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்களாம். கடைசியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போயிற்றாம்.

"நீ கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்" என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போனான். அன்று அதற்குமேல் பேசவில்லை. மறுநாள் அவனாகவே வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

ஏழாம் நாள் போனை எடுத்தான்.

"அம்மா குரல் இருக்கு. கேக்கறீங்களா?"

அவர் தலையாட்டினார்.

சௌந்தரம் பேசினாள். அறை முழுவதும் அவள் குரல்.

"கபிலா, நீ போனை எடுக்கல, அதான் இதுல பேசி அனுப்பறேன். பவித்ராகிட்ட பேசிட்டேன். நல்ல பொண்ணுடா அவ. நீ கத்தாதே. ஒரு வேளையாவது ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுங்க. அப்பாவை நினைச்சுக் கவலைப்படாதே. அப்பாகிட்ட நான் மெதுவா சொல்லிக்கறேன்."

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். அழுதிருக்கிறாள். அப்போது தூரத்தில் ஓர் ஆண் குரல் கேட்டது.

"சௌந்தரம்! என் கண்ணாடி எங்கே?"

"தோ வரேன்."

அத்துடன் முடிந்தது.

வைத்தியலிங்கம் போனையே பார்த்தார்.

"இன்னொரு தடவை போடு."

கபிலன் போட்டான். அந்த ஆண் குரல் மறுபடியும் கண்ணாடியைக் கேட்டது. மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை.

பத்தாம் நாள் ரயில் ஏற்றிவிட வந்தவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, போன் பண்ணுங்க."

"போனதும் பண்றேன்."

"அதில்ல. சும்மா பண்ணுங்க."

*

ஆடிக் கடைசியில் மகள் மணிமொழி மஸ்கட்டிலிருந்து வந்தாள். லீவு இரண்டே நாள்.

கோப்பைகளை ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துப் போனார். கேரம் போர்டு எதிர்வீட்டுக்குப் போயிற்று. பாத்திரங்களைக் கோயில் மடப்பள்ளியில் வாங்கிக்கொண்டார்கள். சலங்கையை மணிமொழி காதருகில் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, பெட்டியில் போட்டாள். அப்புறம் எடுத்து வெளியே வைத்தாள். "எடை கூடிடும்ப்பா."

வீடு காலியானதும் பேசினால் எதிரொலித்தது. அப்பாவும் மகளும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஓட்டல் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சாம்பார் ஆறிப்போயிருந்தது.

"அண்ணனைப் போய்ப் பார்த்தீங்களாமே."

"அவன் விஷயம் உனக்கும் தெரியுமா?"

மணிமொழி சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள்.

"தெரியும்ப்பா. அம்மா சொன்னாங்க."

"எப்போ?"

"அவங்க போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி."

அவர் எழுந்துபோய்க் கை கழுவினார். கொல்லைக் குழாயடியில் வெகுநேரம் நின்றார். மணிமொழி வந்து பார்த்தபோது குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை மூடவில்லை. அவள்தான் மூடினாள்.

ஆவணி பிறந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு அந்த ஓர் அறைக்குப் போனார். சொன்னதுபோலவே நடக்க இடம் இல்லை.

*

அடுத்த வியாழக்கிழமை பஸ் பிடித்து மடத்துக்கு வந்தார். சாமி வாசலில் வேட்டி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் முடிஞ்சுது, சாமி. வீடும் போச்சு, சாமானும் போச்சு. மகன்கிட்ட தினமும் பேசறேன். சில நாள் பேசுவான், சில நாள் பேச மாட்டான். அதுல குறை இல்ல."

"ம்."

"ஒண்ணு மட்டும் உறுத்துது."

"சொல்லுங்க."

"நாப்பத்தி மூணு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். மகளுக்குச் சொல்லியிருக்கா. மருமகள்கிட்ட பேசியிருக்கா. என்கிட்ட மெதுவா சொல்றேன்னு மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கா. கடைசி வரைக்கும் சொல்லலையே. அவ்வளவு பாரத்தை ஒத்தையா வச்சுக்கிட்டுப் போயிட்டாளே. ஏன் சாமி எனக்குச் சொல்லலை?"

சாமி கொடியில் வேட்டியின் சுருக்கத்தை இழுத்துவிட்டார்.

"சொல்லலையா?"

"இல்லையே."

சாமி ஈரக் கையோடு உள்ளே போனார்.

வைத்தியலிங்கம் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. கடைசி வாரம். சௌந்தரம் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "கபிலன்கிட்ட நீங்க பேசணும்" என்றாள். "பேசறேன், பேசறேன், நீ தூங்கு" என்றார் அவர்.

அதற்கும் முன்னால் ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்தவள், "புனேக்கு ஒரு நடை போயிட்டு வருவோமா?" என்றாள். எதுக்கு என்றார். சும்மாதான் என்றாள். "சும்மா யாராவது அவ்வளவு தூரம் போவாங்களா?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அதற்கும் முன்னால். மழை பெய்த ஒரு மத்தியானம். அவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சௌந்தரம் வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் உட்காருகிறவளே இல்லை அவள்.

"என்னங்க."

"ம்."

"நம்ம கபிலன்..."

"அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அவள் எழுந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பேப்பரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அப்புறம் தரையில் கையை ஊன்றி எழுந்து போனாள்.

சாமி இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்தார்.

வைத்தியலிங்கம் அதை வாங்கவில்லை.

"சொன்னா, சாமி" என்றார். "மூணு தடவை சொன்னா."